வகுப்பறை நேரம் பிள்ளைகளுக்கே!



கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆனா ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பிள்ளை உங்க வீட்டுல இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

உறுப்பினர் சேர்க்கைக்காக ராசிபுரம் பக்கம் ஒரு ஊருக்குப் போயிருந்தோம். தறி ஓட்டுற தோழர் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து படிவம் எழுதிக்கிட்டிருந்தோம். அவரோட மக மூணாம் வகுப்பு படிக்குது. "கண்ணு, மாமனுக்குப் பாடம் படிச்சுக் காட்டு சாமி"ன்னாரு. புள்ள ஓடிப்போய் புத்தகத்தை எடுத்துட்டு வந்துச்சு. ஒரு பக்கம் முழுக்க, எங்கயும் தட்டாம, மூச்சு விடாம படிச்சது. அப்பனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். அதே பக்கத்துல நடுவுல இருந்த ஒரு சொல்லை விரலால தொட்டு, "இது என்ன கண்ணு?"ன்னு கேட்டேன். புள்ள அந்தச் சொல்லைப் பார்க்கலை. முதல் வரியிலிருந்து மெதுவா முணுமுணுத்துக்கிட்டே வந்து, அந்த இடம் வந்ததும் நின்னு, சரியாச் சொல்லுச்சு. அப்புறம் கையில இருந்த உறுப்பினர் படிவத்தைக் காட்டினேன். முதல் வரியில 'பெயர்'னு இருந்தது. படிக்கத் தெரியலை.

புள்ள படிக்கலைங்க. ஒப்பிச்சது.

அந்தத் தோழர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "நல்லாப் படிக்குதுன்னுதானுங்க நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இந்தப் பதிவு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

■ பிளஸ் டூவுக்குப் பேரு வாங்கின மண்ணு

முட்டைக்கும் லாரிக்கும் நாமக்கல் எப்படிப் பேரு வாங்கிச்சோ, அதே மாதிரி பிளஸ் டூ மார்க்குக்கும் பேரு வாங்கின மாவட்டம். தமிழ்நாடு முழுக்க இருந்து பெத்தவங்க மூட்டை முடிச்சோட வந்து, இங்க இருக்கிற விடுதிப் பள்ளிகள்ல பிள்ளைகளைச் சேர்த்த காலம் உண்டு. 'பிராய்லர் பள்ளி'ங்கிற பட்டப்பேரே நம்ம கோழிப்பண்ணையைப் பார்த்து வந்ததுதான்.

பன்னெண்டாம் வகுப்பு மார்க்கை ஊரே பேசும். பேனர் வைக்கும். ஆனா ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு, மூணாம் வகுப்புல பிள்ளை என்ன கத்துக்குதுன்னு எந்தப் பேனராவது சொல்லியிருக்கா?

அஸ்திவாரம் போடாம மாடி கட்டுறவனை நம்ம ஊர் கொத்தனாரு சிரிப்பாரு. படிப்புல மட்டும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம். மூணாம் வகுப்பு முடியறதுக்குள்ள எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு, அதுக்கு மேல வர்ற அறிவியலும் சமூக அறிவியலும் வெறும் மனப்பாடம்தான். கணக்குல தப்பு வர்றதுக்குக் காரணம் பல நேரம் கணக்கு தெரியாதது இல்லை, கேள்வியைப் படிக்கத் தெரியாதது.

■ இப்போ வகுப்பறையில என்ன நடக்குது?

கொரோனாவுல 2020 மார்ச்சுல பள்ளிக்கூடத்தைப் பூட்டினாங்க. ஒண்ணாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. ஏறக்குறைய 19 மாசம். அந்த நேரத்துல ஒண்ணாம் வகுப்பு சேர வேண்டிய குழந்தை, பென்சில் பிடிக்கக் கத்துக்க வேண்டிய வயசை வீட்டுலயே கழிச்சுது. 2022ல் எடுத்த 'ஏசர்' கிராமப்புற ஆய்வுல, தமிழ்நாட்டு மூணாம் வகுப்புப் பிள்ளைகள்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமா படிச்சவங்க 4.8 சதவீதம்தான். 2018ல் இது 10.2 சதவீதம். கொரோனாவுக்கு முன்னாடியும் நிலைமை பெருமைப்படுற மாதிரி இல்லைங்கிறதையும் சேர்த்தே பார்க்கணும்.

இதைச் சரி செய்ய 2022 ஜூன்ல தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டு வந்துச்சு. 2025க்குள்ள 8 வயசுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிஞ்சு படிக்கணும், அடிப்படைக் கணக்குப் போடணும்ங்கிறது இலக்கு. முதல்ல 1 முதல் 3ஆம் வகுப்பு வரைக்கும், அடுத்த கல்வியாண்டுல 4, 5ஆம் வகுப்புக்கும் வந்துச்சு.

திட்டத்தோட உயிர்நாடி எளிமையானது. ஒரே வகுப்புல உட்கார்ந்தாலும் எல்லாப் பிள்ளையும் ஒரே இடத்துல நிக்கறதில்லை. அதனால 'அரும்பு', 'மொட்டு', 'மலர்'னு மூணு நிலை. எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு. தடுமாறிப் படிக்கிற பிள்ளை மொட்டு. வகுப்புக்குரிய அளவுல படிக்கிற பிள்ளை மலர். அவங்கவங்க நிலைக்கு ஏத்த பயிற்சி நூல். பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்பாடுன்னு வகுப்பறையே மாறணும்.

இது நல்ல யோசனை. எந்த ஆட்சியில வந்தா என்ன, நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும். இதுக்கு முன்னாடியும் முயற்சி நடந்திருக்கு. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்ச செயல்வழிக் கற்றல், 2007-08ல் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. அட்டை, ஏணிப்படின்னு அதுலயும் அவங்கவங்க வேகத்துலதான் பிள்ளை படிச்சது. அட்டை போய் இப்போ பயிற்சி நூல் வந்திருக்கு.

முறை மாறிக்கிட்டேதான் இருக்கு. மாறாத ஒண்ணு இருக்கு. எந்த முறையா இருந்தாலும், ஆசிரியர் பிள்ளை பக்கத்துல உட்கார நேரம் வேணும். அரும்புல இருக்கிற பிள்ளையை மொட்டுக்குக் கொண்டு வர்றது பயிற்சி நூல் இல்லை. "இங்க பாரு சாமி, இது 'ல', இது 'ள'"ன்னு விரலைப் பிடிச்சுக் காட்டுற டீச்சரோட நேரம்.

அந்த நேரம் இருக்கான்னுதான் கேட்கறோம்.

■ மூணு மணி நேரப் பள்ளிக்கூடம்: ஒரு பழைய கதை

பள்ளி நேரத்தைப் பத்தின சண்டை நம்ம சேலம் மாவட்டத்துக்குப் புதுசில்லை. சேலம் நகராட்சித் தலைவரா இருந்தவர், 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் தொடங்கினவர் ராஜாஜி. கதர், மதுவிலக்குன்னு இந்த மண்ணுல அவர் செஞ்ச வேலையை யாரும் மறுக்க முடியாது. ஆனா முதலமைச்சரா இருந்தப்போ 1953ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தாரு. பிள்ளைக்கு நாளுக்கு 3 மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம். மீதி நேரம் அப்பன் செய்யற தொழிலைப் பார்த்துக் கத்துக்கட்டும்னாங்க. அதே கட்டடம், அதே ஆசிரியரை வச்சு ரெண்டு முறை பிள்ளைகளை உட்கார வைக்கலாம்ங்கிறது கணக்கு.

நெசவாளி மகன் தறிக்குப் போகணும், சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடிக்கணும்னா அது கல்வியா, சாதியான்னு தமிழ்நாடு கேட்டுச்சு. 'குலக்கல்வி'ன்னு பேரு வச்சு எதிர்த்துச்சு. பெரியார் போராடினாரு. 1954ல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டுச்சு. அப்புறம் பள்ளிக்கூடம் பெருகினதும், மதிய உணவு வந்ததும் வரலாறு.

அன்னைக்கு நம்ம முன்னோர் எதுக்காகப் போராடினாங்க? ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முழு நேரப் பள்ளிக்கூடம் வேணும்னு. தறிக்காரர் பிள்ளையோட பள்ளி நேரத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு.

இப்போ ஒரு சின்னக் கணக்குப் போடுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும் வருஷத்துக்குக் குறைஞ்சது 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல். 800ஐ 200ஆல வகுத்தா நாளுக்கு 4 மணி நேரம்.

சட்டம் சொல்றது 4. குலக்கல்வி கொடுத்தது 3. நடுவுல இருக்கிறது ஒரே ஒரு மணி நேரம்தாங்க.

அந்த ஒரு மணி நேரத்தை இன்னைக்கு யாரும் சட்டம் போட்டுப் பறிக்கலை. சத்தமில்லாம, பத்து நிமிஷம் பதினஞ்சு நிமிஷமாப் போயிக்கிட்டிருக்கு.

■ அந்த ஒரு மணி நேரம் எங்க போகுது?

அந்தப் புள்ளையோட பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தோம். குறை சொல்றதுக்கு இல்லை, தெரிஞ்சுக்கறதுக்கு. அஞ்சு வகுப்பு, ரெண்டு ஆசிரியர். 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர் போதும்னு சட்டமே சொல்லுது. ஆனா பிள்ளைகள் எண்ணிக்கை குறைவுன்னா வகுப்புகளோட எண்ணிக்கையும் குறையுமா? ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது மூணும் ஒரே அறையில. அதுக்குள்ள அரும்பு, மொட்டு, மலர். நீங்களே எண்ணிப் பாருங்க, அந்த டீச்சர் முன்னாடி எத்தனை குழு உட்கார்ந்திருக்கும்னு.

ஒரு ஆசிரியர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனா, அன்னைக்கு அஞ்சு வகுப்பும் ஒருத்தர் தலையில.

அந்த டீச்சர் சொன்னதை அப்படியே எழுதறோம்: "பாடம் நடத்தறதுக்கு நான் எப்பவும் அலுத்துக்கிட்டது இல்லைங்க. பாதியில போனை எடுத்து விவரம் ஏத்தச் சொல்றப்பதான் அழுகை வருது. இவன் இப்பதான் 'கை', 'பை' படிக்க ஆரம்பிச்சான். அதுக்குள்ள நெட்வொர்க் கெடைக்குதான்னு நான் வாசலுக்குப் போயிடறேன்."

இது ஒரு டீச்சரோட புலம்பல் மட்டும் இல்லை. வருகைப் பதிவைத் தவிர மத்த 'எமிஸ்' இணையவழி வேலைகள்ல இருந்து ஆசிரியர்களை விடுவிக்கணும்னு தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களோட கூட்டு நடவடிக்கைக் குழுவான டிட்டோஜாக் 2023ல் போராடின கோரிக்கைகள்ல முக்கியமானது. 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகள்ல பிள்ளைகளை மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்பினப்பவும் ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க.

மதிப்பீடே வேண்டாம்னு நாங்க சொல்லலை. எடை பார்க்காம ஆடு வளர்க்க முடியாது. ஆனா தினமும் எடை மட்டும் பார்த்துக்கிட்டு, தீவனம் போட நேரமில்லைன்னா ஆடு எப்படிங்க வளரும்?

இன்னொண்ணு. கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் வேலை தவிர வேற கல்வி சாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. விதிவிலக்கா வச்சதே இன்னைக்குப் பெரிய வேலையா நிக்குது. வாக்காளர் பட்டியல் வேலை வந்தா வீடு வீடாப் போறவங்கள்ல பலர் தொடக்கப் பள்ளி டீச்சருங்கதான்.

நம்ம பகுதிக்குன்னு தனியா ஒரு விஷயமும் இருக்கு. கோழிப்பண்ணை, செங்கல் சூளை, நூல் மில்லுன்னு வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பங்களோட பிள்ளைகள் நம்ம அரசுப் பள்ளிகள்ல தமிழ் படிக்குதுங்க. வீட்டுல இந்தியோ ஒடியாவோ பேசிட்டு வந்து, இங்க 'அம்மா, ஆடு'ன்னு ஆரம்பிக்குதுங்க. அந்தப் பிள்ளைக்கும் அரும்பு நிலையில பக்கத்துல உட்கார ஒருத்தர் வேணும். அதுவும் நம்ம வகுப்பறைதான், அதுவும் நம்ம பிள்ளைதான்.

■ ஒன்றிய அரசுக்கும் ஒரு வார்த்தை

'பி.எம்.ஸ்ரீ' ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலைங்கிறதுக்காக, 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சுது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கொள்கையில கருத்து வேறுபாடு இருக்கலாம், வாதாடலாம். ஆனா டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவுல நடக்கிற சண்டையில, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அது ஒரு வருஷம்தான் ஒண்ணாம் வகுப்புல இருக்கும். அந்த வருஷம் திரும்பி வராதுங்க.

■ பெற்றோர்களே, இன்னைக்கு ராத்திரி அஞ்சு நிமிஷம்

மார்க் சீட்டு வேண்டாம், டியூஷன் வேண்டாம். வீட்டுலயே பார்த்துக்கலாம்.

1. பிள்ளை படிச்ச பாடத்தைக் கொடுக்காதீங்க. இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணைக் கொடுங்க. ரேஷன் கடை பலகை, பஸ் போர்டு, மளிகைக் கடை ரசீது, ஏன், சுவத்துல ஒட்டியிருக்கிற எங்க கட்சி போஸ்டரையே படிக்கச் சொல்லுங்க. (அதுல இருக்கிற அடைமொழியை எல்லாம் படிச்சு முடிச்சா பிள்ளைக்குத் தமிழ் நல்லாவே வருதுன்னு அர்த்தம்!)

2. படிச்சு முடிச்சதும் "என்ன சொல்லியிருக்கு?"ன்னு கேளுங்க. சொந்த வார்த்தையில சொன்னா படிக்குது. அப்படியே திருப்பிச் சொன்னா ஒப்பிக்குது.

3. "ஒரு ட்ரேயில 30 முட்டை. மூணு ட்ரேயில எத்தனை? அதுல 5 உடைஞ்சா மீதி எத்தனை?"ன்னு கேளுங்க. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு வேற இல்லை. பேப்பர்ல போடட்டும், விரல் விட்டு எண்ணட்டும், தப்பில்லை.

வரலைன்னா தயவுசெஞ்சு பிள்ளையை அடிக்காதீங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதீங்க. டீச்சர்கிட்ட சண்டைக்கும் போகாதீங்க. "என் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா? அடுத்த நிலைக்குப் போக வீட்டுல நாங்க என்ன செய்யணும்?"னு கேளுங்க. அது உங்க உரிமை.

பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு உங்க ஊர்ப் பள்ளியில இருக்கு. அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டம். கூட்டத்துக்குப் போங்க. காம்பவுண்டு சுவர், கழிப்பறை பத்திப் பேசறோம், ரொம்ப அவசியம். கூடவே, "நம்ம பள்ளியில மூணாம் வகுப்புல எத்தனை பிள்ளைக்குப் படிக்க வருது?"ங்கிற கேள்வியையும் நிகழ்ச்சி நிரல்ல சேருங்க.

■ நாங்க கேட்கிறது

▪ பிள்ளைகள் எண்ணிக்கை எவ்வளவா இருந்தாலும், 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்குன்னு தனியா ஒரு ஆசிரியர், 4, 5ஆம் வகுப்புகளுக்கு ஒருத்தர். இது போக, ஒருத்தர் பயிற்சிக்கோ விடுப்புலயோ போனா வந்து நிக்க, சில பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு மாற்று ஆசிரியர்.

▪ பாடம் நடக்கிற நேரத்துல, வருகைப் பதிவு தவிர எந்தச் செயலியும் திறக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. விவரம் ஏத்தத் தனி ஆள் போடுங்க. நம்ம ஊர்ல கம்ப்யூட்டர் படிச்சிட்டு வேலை தேடுற பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு வேலைதான்.

▪ 2025ங்கிற இலக்கு என்னாச்சுங்கிறதைப் பள்ளிவாரியா பெற்றோர் முன்னாடி வைக்கணும். யாரையும் தண்டிக்க இல்லை, எந்தப் பள்ளிக்கு ஆள் வேணும்னு தெரிஞ்சுக்க.

▪ வேலைக்கு வந்த வெளி மாநிலக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் இருக்கிற பள்ளிகளுக்குக் கூடுதலா ஒரு ஆசிரியர்.

■ நாங்க கொடுக்கிற வாக்கு

கேட்கறது மட்டும் சுலபம். கட்சிக்காரங்க நாமளும் இந்தத் தப்புல பங்கு உள்ளவங்கதான். நோட்டுப் புத்தகம் கொடுக்கறோம்னு பிள்ளைகளை வெயில்ல வரிசையா நிறுத்தி, தலைவர் வர்ற வரைக்கும் காக்க வச்சு, போட்டோ எடுத்துப் போட்டிருக்கோம். இந்தப் பக்கத்துலயே அந்தப் போட்டோக்கள் இருக்கு. அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் போச்சுன்னு நாம கணக்குப் பார்க்கலை.

இனிமே எந்த நிர்வாகியும் பாடவேளையில பள்ளிக்குள்ள நிகழ்ச்சி நடத்தக் கூடாதுன்னு கேட்டுக்கறோம். உதவி செய்யணுமா? மாலை நாலு மணிக்கு மேல போங்க. நோட்டைத் தலைமை ஆசிரியர்கிட்டக் கொடுத்துட்டு வந்துடுங்க. மாலையிட ஆள் வேணாம், மைக் வேணாம். படிச்ச தோழர்கள் இருந்தா, சாயங்காலம் ஊர்ப் பொது இடத்துல ஒரு மணி நேரம் பிள்ளைகளோட உட்கார்ந்து கதைப் புத்தகம் படிங்க. அந்தப் போட்டோவை அனுப்புங்க, பெருமையாப் போடறோம்.

■ கடைசியா...

அந்தத் தறிக்காரத் தோழர் வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தோம். டீச்சர்கிட்டப் பேசினாராம். தினமும் ராத்திரி தறியை நிறுத்தினதும், கால் மணி நேரம் மகளோட உட்கார்றாராம். அவர் படிச்சது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். "எனக்கும் பாதி மறந்துபோச்சுங்க, ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுத்துக்கூட்டறோம்"னு சிரிச்சாரு.

புள்ள உள்ள இருந்து ஓடிவந்து, எங்க சட்டைப் பையில இருந்த பேட்ஜை உத்துப் பார்த்துச்சு. "மா... வட்... டம்"னு ஒவ்வொரு எழுத்தாத் தட்டித் தட்டிப் படிச்சது. அன்னைக்கு மூச்சு விடாம ஒப்பிச்சதைவிட இந்தத் தடுமாற்றம் எங்களுக்குப் பெருசாப் பட்டுச்சு.

அந்தப் புள்ளைக்கு இனி வேண்டியது தினமும் அந்த ஒரு மணி நேரம். அது அதோட உரிமை. 1954ல் நம்ம முன்னோர் போராடி மீட்ட நேரம். அதை மறுபடியும் தொலைக்க விடமாட்டோம்.

உங்க வீட்டுப் பிள்ளையோட அந்த அஞ்சு நிமிஷப் பரிசோதனை எப்படி இருந்துச்சுன்னு கருத்துல எழுதுங்க. பிள்ளை பேரு, பள்ளிப் பேரு வேண்டாம். ஊரு, வகுப்பு மட்டும் போதும். வர்றதையெல்லாம் தொகுத்து, மாவட்ட ஆட்சியரைப் பார்த்துக் கொடுப்போம்.

ஒப்பிக்கிற தலைமுறை வேண்டாம், படிக்கிற தலைமுறை வேணும்!

#வகுப்பறைநேரம்பிள்ளைகளுக்கே
#சேலம் #நாமக்கல்